21 கிலோமீட்டர் ஓடுகிறவளிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சென்னையில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆபீஸ், வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாம் உண்டு. இதற்கிடையில் அரை மாரத்தான் ஓடுகிறேன். வேகமாக அல்ல, கூட்டத்தின் நடுவில். ஜனவரி ரேஸ் முடிந்ததும் வருஷா வருஷம் அதே கேள்விகள் வருகின்றன. மாமியார் கேட்பார், ஆபீஸ் தோழிகள் கேட்பார்கள், லிஃப்டில் பார்ப்பவர்கள் கேட்பார்கள், அடுத்த வருஷம் ஓடலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைத்தேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை.

எத்தனையாவதா வந்தே? மெடல் குடுத்திருக்காங்களே?

மெடல், கொடுத்த நேரத்துக்குள் முடித்த எல்லோருக்கும் உண்டு. எத்தனையாவது என்பது முதல் சில பேருக்குத்தான் பொருட்டு. மற்றவர்கள் போன தடவையைவிட ஒரு நிமிஷமாவது குறைந்ததா என்றுதான் பார்ப்போம். இதில் ஜெயித்தேனா தோற்றேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. என் நேரம் 2 மணி 20 நிமிடத்தைச் சுற்றியே இருக்கிறது.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். அவினாஷ் சாப்ளே 2020-இல் டெல்லி அரை மாரத்தானை 1 மணி 30 விநாடியில் முடித்தார். 61 நிமிடத்துக்குள் இந்தத் தூரத்தை ஓடிய முதல் இந்தியர் அவர். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி. அவர் கோட்டைத் தொடும் நேரத்தில் நான் 9-ஆவது கிலோமீட்டரைத் தாண்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அவருக்கு ஓட்டம்தான் வேலை, எனக்கு வேறு வேலை இருக்கிறது.

காசு கட்டியா ஓடறீங்க? பீச்சுல சும்மாவே ஓடலாமே?

ஓடலாம். வருஷத்தில் பெரும்பாலான நாள் அப்படித்தான் ஓடுகிறோம். ரேஸ் கட்டணத்துக்குக் கிடைப்பது ஓட்டம் அல்ல, ஏற்பாடு. ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு பக்கம் வண்டிகளை நிறுத்தி வழி விடுவார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, ஆம்புலன்ஸ், பிசியோ, நேரம் கணக்கிடும் சிப், முடித்ததும் டிபன் என்று எல்லாம் அதில் அடக்கம். டி-ஷர்ட்டும் கிடைக்கும். அலமாரியில் அது சேர்ந்துகொண்டே போகும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. காசு கட்டித் தேதி குறித்துவிட்டால் நவம்பர் மழையிலும் அலாரத்தை அணைக்க மனசு வராது. எனக்கு அந்தப் பயம்தான் பாதிப் பயிற்சி.

அது என்ன 21.0975? 20-னு வச்சா என்ன?

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதில் பாதி இது. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மாடத்தின் முன்னால் முடியும்படி தடம் போட்டார்கள். அந்த நீளத்தையே 1921-இல் நிலையான அளவாக்கினார்கள். நாம் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் அந்தத் துண்டுத் தூரம் அங்கிருந்து வந்தது.

முதல்முறை ஓடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. சான்று பெற்ற தடத்தை, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில் போய், வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாமோ கூட்டத்தில் ஒதுங்கி, தண்ணீருக்கு ஓரம் போய், வளைவில் அகலமாகத் திரும்பி ஓடுகிறோம். அதனால் முடிவுக்கோட்டில் கைக்கடிகாரம் 21.3, 21.4 என்று காட்டும். "தூரத்தை நீட்டிவிட்டார்கள்" என்று ஏற்பாட்டாளரிடம் சண்டைக்குப் போகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். 2 மணி 15 நிமிடத்தில் முடிக்கக் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6:24, அதாவது 6 நிமிடம் 24 விநாடி, போதும். வாட்சில் 6:20 காட்டும்படி ஓடினால்தான் அது நடக்கும்.

எத்தனை மாசம் பயிற்சி எடுக்கணும்?

இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிகிறதென்றால் 3 மாதம் போதும். முடியவில்லை என்றால் முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் கலந்து என்று ஆறு மாதம் கொடுங்கள். ஆகஸ்டில் தொடங்கினால் ஜனவரிக்குச் சரியாக இருக்கும்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். மூன்று நாள் சின்னது, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். லாங் ரன்னை 8 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராக ஏற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறக்கி, 17 அல்லது 18 வரை கொண்டுபோனால் போதும். 21-ஐ முன்கூட்டியே ஓடிப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவசியம் இல்லை. மீதி மூன்று கிலோமீட்டரைக் கூட்டமும் கைதட்டலும் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த நாட்களில் கால் துறுதுறுவென்று இருக்கும், இல்லாத வலியெல்லாம் வரும். கூடுதலாக ஓடத் தோன்றும், ஓடாதீர்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது வேகத்தில். குறைவாக ஓடுவது அல்ல, மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடுவதுதான் சிக்கல். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி ஒவ்வொரு சொல்லாக வந்தால் அது ஈஸி ரன் இல்லை. ஓட்டத்தைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தினமும் ரேஸ் ஓடுகிறவர்கள் டிசம்பரில் பிசியோவிடம் உட்கார்ந்திருப்பார்கள். வேகம் வேண்டுமா, வாரத்தில் ஒரு நாள் மட்டும். சென்னையில் மேடு அதிகம் இல்லை என்பதால் அந்த நாள் விடிகாலையில் ஏதாவது ஒரு மேம்பாலத்தில் நாலைந்து முறை ஏறி இறங்குவோம், அதுதான் எங்கள் மலை.

கூடவே வாரம் இரண்டு நாள், 20 நிமிடம், ஸ்குவாட், பிளாங்க், படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. இதை யாரும் செய்வதில்லை. செய்கிறவர்களுக்குக் காயம் குறைவாக வருவதை எங்கள் குழுவிலேயே பார்க்கிறேன்.

காலங்காத்தால இருட்டுல தனியாவாம்மா போறே?

மாமியாரின் கேள்வி, நியாயமான கேள்வி. தனியாகப் போவதில்லை. சென்னை ரன்னர்ஸ் மாதிரியான குழுக்களுக்குப் பகுதி வாரியாகக் கிளைகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொண்டால் அஞ்சு மணிக்குத் திருவான்மியூரிலோ அண்ணா நகரிலோ நாலு பேர் நின்றிருப்பார்கள். வெளிர்நிற உடை, எதிரில் வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம், போனில் லைவ் லொகேஷன். இயர்போன் போடுவதில்லை. பாட்டு கேட்கும் ஆசையைவிடப் பின்னால் வரும் பைக் சத்தம் முக்கியம்.

ஆளைவிட நாய்தான் பிரச்சினை. துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, அதன் பக்கம் திரும்பி, மெதுவாக நடந்து அதன் தெருவைக் கடந்துவிட வேண்டும். பல்பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போய்விடுங்கள். 

மார்கழியில் மட்டும் இந்தப் பயமே இருக்காது. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலுக்கு வாசல் கோலம் போடும் பெண்கள், தெரு முழுக்க விளக்கு. போகி அன்று காலை மட்டும் ஓடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

சென்னைப் புழுக்கத்துல எப்படி ஓடறீங்க?

உண்மையான கேள்வி இதுதான். சென்னையில் அரை மாரத்தான் ஓடுவது காலுக்கு வைக்கும் சோதனை அல்ல, வியர்வைக்கு வைக்கும் சோதனை.

வியர்வை சுரப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஜனவரி விடிகாலையில் வெப்பமானி 21, 22 டிகிரி காட்டும், "நல்ல குளுகுளுன்னு இருக்கே" என்பார்கள். ஆனால் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சூடு வெளியேற வழி தேடி உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பங்கு குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். 5-ஆவது கிலோமீட்டரில் 150 இருந்தது 15-ஆவதில் 168 ஆகியிருக்கும், வேகமோ கூடியிருக்காது.

இதனால் வாட்ச் காட்டும் வேகத்தை நம்பி ஓடுவதைவிட மூச்சை நம்பி ஓடுவது மேல். இங்கே பழகியவர்கள் பெங்களூரில் ஓடினால், அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஊராக இருந்தும், கிலோமீட்டருக்குப் பத்து இருபது விநாடி சும்மாவே குறையும். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் தங்கள் ஊர் நேரத்தை மனதில் வைத்துக் கிளம்பி 13-ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பிப்பார்கள்.

பருத்தி பனியன் வேண்டாம். ஈரம் குடித்துக் கனக்கும், தொடையிலும் அக்குளிலும் அறுக்கும். அறுக்கும் இடத்திலெல்லாம் முன்பே வாசலின் தடவுங்கள். பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை, ஆண்களுக்கு மார்க்காம்பு. வெள்ளை டி-ஷர்ட்டில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு முடிக்கும் ஆண்களை எல்லா ரேஸிலும் பார்க்கலாம். குளிக்கும்போதுதான் அவர்களுக்கு விஷயம் தெரியும்.

அப்போ நிறையத் தண்ணி குடிக்கணுமா?

தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்குத்தான், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்குத்தான், அந்த ஆபத்து மிகுதி. மெதுவாக ஓடுகிற நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும், ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நமக்கு நேரம் இருக்கிறதே.

ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று வாய். ஒன்று விட்டு ஒன்றில் எலக்ட்ரால், அதாவது உப்புச் சர்க்கரைக் கரைசல். வீட்டில் கலக்கினால் பாக்கெட்டில் போட்ட அளவுக்குத்தான் கலக்க வேண்டும், கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்ன சாப்பிடறது?

வழக்கமாக வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதை. இரவு ஏழரைக்குள் சாதம், ரசம், உருளைக்கிழங்கு அல்லது நாலைந்து இட்லி. பிரியாணி, பரோட்டா, சுண்டல், புதுக் கடைச் சாப்பாடு எல்லாம் மறுநாள் இரவுக்கு. ரேஸ் காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, அல்லது ஒரு வாழைப்பழம். காபி குடிக்கிறவர்கள் குடித்துவிடுங்கள். அன்றைக்கு நிறுத்தினால் தலைவலிதான் மிச்சம்.

தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை, அழுத்தி ஓடினால், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு வரும். அதற்கு மேல் ஓடுகிறவர்களுக்கு நடுவில் ஏதாவது வேண்டும். நான் முக்கால் மணி நேரத்தில் ஒரு ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்), ஒன்றரை மணி நேரத்தில் இன்னொன்று. ஜெல் பிடிக்காதவர்கள் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் என்று வைத்துக்கொள்கிறார்கள். கடலைமிட்டாயை மூச்சு வாங்கும்போது மெல்லுவது தனி வித்தை. எதுவாக இருந்தாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

ஷூ என்ன விலை?

விலையைவிட அளவு முக்கியம். ஓட ஓடப் பாதம் வீங்கும், அதனால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். சாயங்காலத்தில் கடைக்குப் போய், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவுக்கு இருபதாயிரம் ரூபாய் கொடுப்பதெல்லாம் என் வேகத்துக்கு வீண். புது ஷூவை ரேஸ் அன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.

ஓடும்போது உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.

நான் ஓடிய ரேஸ் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கி ஈசிஆரில் முடிந்தது. இருட்டில் கிளம்புவோம். மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார், ஜூம்பா நடக்கும், தற்காலிகக் கழிப்பறைகள் முன் வரிசை நீண்டிருக்கும். பெண்கள் வரிசை எப்போதும் நீளம். அரை மணி நேரம் முன்பே நின்றுவிடுங்கள், டிஷ்யூ உங்களுடையதாக இருக்கட்டும்.

முதல் மூன்று கிலோமீட்டர்தான் ரேஸைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பாய்வார்கள். உங்கள் நேரம் பிப்பின் (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) பின்னால் இருக்கும் சிப், தொடக்கக் கோட்டில் விரித்த பாயைக் கடக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது, ஆகவே முண்டியடிக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் உடம்பு கேட்காது. வழக்கமாக மூச்சு வாங்கும் வேகம் அன்று நடை மாதிரி தோன்றும். அதை நம்பாதீர்கள். திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பதினைந்து விநாடி மெதுவாகப் போங்கள். அறுபது வயதுக்காரர்கள் தாண்டிப் போவார்கள், பேசிக்கொண்டே போவார்கள். போகட்டும். இப்போது விடும் முக்கால் நிமிடம் கடைசியில் அஞ்சு நிமிடமாகத் திரும்பி வரும். இந்த முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தனியாக அடக்கிக்கொள்ள முடியாதவர்கள் பேஸரோடு, அதாவது குறித்த நேரத்தில் முடிக்கும்படி சீராக ஓடிக் கூட்டிப் போகிறவரோடு, போகலாம். 2:15, 2:30 என்று முடிக்கும் நேரத்தை (மணி, நிமிடம்) எழுதிய கொடியோடு ஓடும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும், அதை பஸ் என்போம். 2:30 பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 7:07. நல்ல பேஸர் கிடைத்தால் ஜோக்கும் உண்டு, தண்ணீர் மேசை வரும் முன்பே எச்சரிக்கையும் உண்டு.

நாலிலிருந்து பத்து வரை சுகம். திருவான்மியூர் தாண்டும்போது வெளிச்சம் வரும். டீக்கடைக்காரர்கள் "எதுக்குப்பா இவ்ளோ பேர் ஓடறாங்க" என்று பார்ப்பார்கள். எங்காவது பறையடிப்பார்கள், அந்த இருநூறு மீட்டர் வாட்சைப் பார்க்காதீர்கள், வேகம் தானாக ஏறியிருக்கும். தண்ணீர் மேசையில் முதல் ஆளிடம் பாயாமல் கடைசி ஆளிடம் வாங்குங்கள், நெரிசல் இருக்காது. கீழே கிடக்கும் கோப்பையும் வாழைப்பழத் தோலும் வழுக்கும். பத்தாவது கிலோமீட்டரில் "பாதி ஆச்சு" என்று தோன்றும். ஆகவில்லை. உழைப்பின் கணக்கில் பாதி என்பது 15.

யு-டர்ன் இருக்கும் இடங்களில் எதிரே முன்னணி ஓட்டக்காரர்கள் வருவதைப் பார்க்கலாம். காலடிச் சத்தமே கேட்காது. அதைப் பார்க்க மட்டுமே கட்டணம் கட்டலாம் என்பேன்.

14-லிருந்து 18 வரைதான் அரை மாரத்தான், மற்றதெல்லாம் சும்மா. தெற்கே ஓடும்போது இடது பக்கக் கடலிலிருந்து வெயில் நேராகக் கன்னத்தில் அடிக்கும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நிழல் குறைவு. கைதட்டும் கூட்டம் மெலிந்துவிடும். முகத்தைத் தொட்டால் உப்புத்தூள். எங்கும் வலிக்காது, ஆனால் எல்லாம் கனக்கும். "யார் கேட்டார்கள், எதற்கு வந்தோம், பக்கத்தில் பஸ் ஸ்டாப் இருக்கிறதே" என்றெல்லாம் மனசு பேசும். அப்போது மேசையருகே நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்தான் அக்கா!" என்பார்கள். பொய். ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஆனாலும் அந்தப் பொய்க்கு ஓர் அரை கிலோமீட்டர் ஓடலாம்.

இந்த இடத்தில் நான் மீதித் தூரத்தை எண்ணுவதில்லை. முன்னால் போகும் ஒரு டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுத்து அதைப் பிடிக்கும்வரை ஓடுவேன். பிடித்ததும் அடுத்தது. முதல் மூன்று கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்கள் பலர் இங்கே இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருப்பார்கள். நல்ல குணம் இல்லைதான், ஆனால் அவர்களைக் கடப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது.

18-க்குப் பிறகு கணக்கு மாறிவிடும். மூன்று கிலோமீட்டர் என்பது என் வேகத்தில் இருபது நிமிடம். சமையலறையில் இருபது நிமிடம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று யோசிப்பேன். கடைசி அரை கிலோமீட்டரில் எங்கிருந்தோ கால் வரும். முடிவுக்கோட்டில் வாட்சை அமுக்கக் குனியாதீர்கள், எல்லாப் போட்டோவிலும் உச்சந்தலைதான் விழும். நேரம் சிப்பில் பதிவாகிவிடும்.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்கவோ உட்காரவோ கூடாது. ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றி விழுவார்கள். பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். பிறகு பொங்கல் வரிசைக்குப் போகலாம்.

நடந்தா அசிங்கம் இல்லையா? மூணு மணி நேரம் ஆனா?

ஒரு அசிங்கமும் இல்லை. 1972 ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் கலந்து போகும் முறையைப் பரப்பியவர். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே தொடங்க வேண்டும், களைத்த பிறகு அல்ல. 3 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 8:32 போதும், இந்த முறையில் தாராளமாக வரும். பதிவு செய்யும் முன் அந்த ரேஸின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது எதற்குள் முடிக்க வேண்டும் என்பதை, மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக வருகிறவர் எல்லோரையும்விட அதிக நேரம் வெயிலில் இருந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

பீரியட்ஸ் தேதியில ரேஸ் வந்தா?

உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், எத்தனையோ பேர் ஓடுகிறோம். அடர்நிற ஷார்ட்ஸ், பயிற்சியில் பழகிய பொருள், இடுப்புப் பையில் கூடுதலாக ஒன்று. வலி அதிகம் இருக்கும் முதல் நாள் என்றால் நேரத்தை மறந்துவிட்டு முடித்தால் போதும் என்று போங்கள். தேதியைத் தள்ள மாத்திரை போடுவது டாக்டரோடு முடிவு செய்ய வேண்டியது, தோழியோடு அல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. "எவ்வளவு ஓடினாலும் முன்னேற்றமே இல்லை" என்று புலம்பும் பெண்களிடம் முதலில் கேட்பது: ஹீமோகுளோபின் பார்த்தாயா? ஷூ வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

முட்டி தேஞ்சு போயிடாதா?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஓடாமலேயே முட்டிவலி இருக்கிறது. 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், தொழில்முறைப் போட்டியாளர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மூட்டு சரியாக இருப்பவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்றும் இதை வாதிடலாம். ஆனால் அளவாக ஓடினால் முட்டி போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திடீரென்று தூரத்தை ஏற்றினால் வலிக்கும், அது வேறு. கூர்மையாகக் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வலி, நடக்கும்போதும் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ஓடும்போது யாரோ நெஞ்சடைச்சு விழுந்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே?

வருகிறது, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்ததில் 59 பேருக்கு இதயம் நின்றது. முழு மாரத்தானில் லட்சத்துக்கு 1.01, அரை மாரத்தானில் 0.27. எண்ணிக்கை சிறியதுதான். நம் ஊரில் இளவயதிலேயே சர்க்கரையும் மாரடைப்பும் வருவதால் அந்த எண்ணை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். நாற்பது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். ரேஸுக்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்திருந்தால் ஓடாதீர்கள், கட்டின காசு போகட்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் நின்று அருகில் இருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

முடிச்சப்புறம் எத்தனை நாள் ரெஸ்ட்?

அன்று மதியம் தூக்கம் வரும், வராவிட்டால் எரிச்சல் வரும். இரண்டாம் நாள்தான் மோசம். படியில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நடை, லேசான நீட்டல், நன்றாகச் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து மெதுவாக 4 கிலோமீட்டர். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்துக்குக் கேடு.

சென்னையில் மட்டும்தானா?

இல்லை. கோவை மாரத்தான் அங்குள்ள கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடப்பது, சென்னையைவிடக் காற்று உலர்ந்தது, முதல் ரேஸுக்கு நல்ல தேர்வு. பிப்ரவரியில் ஆரோவில்லில் செம்மண் பாதையில் மரங்களுக்கு நடுவே ஓடலாம், அங்கே போட்டியும் பரிசும் கிடையாது. செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் ஜூலையில், சென்னையிலேயே. ஜூலைப் புழுக்கத்தில் அதை முடித்தவர்களுக்கு ஜனவரி பூ மாதிரி இருக்கும். மேடு வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மலை ரேஸ், செப்டம்பரில். முதல் பாதி முழுக்க ஏற்றம், எங்கள் மேம்பாலப் பயிற்சி எந்த மூலைக்கும் காணாது.

அடுத்து ஃபுல் மாரத்தானா?

எல்லோரும் கேட்கிறார்கள், ஏதோ எல்.கே.ஜி. முடித்ததும் யு.கே.ஜி. போவதுபோல. எனக்கு எண்ணமில்லை. அரை மாரத்தானுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்குள் ஓடி முடித்து வந்து தோசை ஊற்றலாம். முழுதுக்கு ஞாயிறே போய்விடும், 30 கிலோமீட்டர் லாங் ரன்னுக்குப் பிறகு மனுஷி ஒரு வேலைக்கும் ஆகமாட்டாள். 21-லேயே குறைக்க இன்னும் நிமிடங்கள் இருக்கின்றன. அடுத்த ஜனவரிக்கு 2:15 பஸ்ஸில் ஏறப் பார்க்கிறேன், பதிவு தொடங்கியதும் பணம் கட்டிவிடுவேன். முன்பே கட்டினால் கட்டணமும் குறைவு.